விர்ச்சுவல் உலகத்தில் கோடிங் சந்திப்பு: புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலுமாகச் சிதறிக் கிடக்கும் இருபது பேர் கொண்ட சின்ன நிரலாக்கக் குழு எங்களுடையது. கல்லூரியில் படிப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி கோடிங் தொட்டுப் பார்ப்பவர்கள் என்று கலவையான கூட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு நேரில் கூடுவோம். மற்ற வாரங்களில் இணையத்தில் நாங்களே வரைந்த ஒரு சின்ன உலகத்துக்குள் சந்திக்கிறோம். வெளிநாட்டுக் குழுக்கள் செகண்ட் லைஃப் போன்ற இடங்களில் நடத்தும் சந்திப்புகளுக்கும் எங்களில் சிலர் போய் வருவதுண்டு. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

விர்ச்சுவல் உலகத்தில் சந்திப்பது என்றால் என்ன? வீடியோ மீட்டிங் போதாதா?

வீடியோ மீட்டிங்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். முப்பது பேர் இருந்தால் இருபத்தொன்பது பேர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் 'நன்றி, வணக்கம்' சொன்னதும் எல்லாரும் ஒரே நொடியில் காணாமல் போவார்கள். நேரில் நடக்கும் கூட்டம் அப்படியா? தொடங்கும் முன்பே வாசலில் நாலு பேர் நிற்பார்கள். முடிந்ததும் டீக்கடைக்கு நடப்போம். "எனக்கும் அந்த எரர் வந்துச்சு, இப்படிப் பண்ணிப் பாரு" என்கிற பேச்சு அங்கேதான் வரும். நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் மேடையில் கேட்டதல்ல, டீ ஆறும் நேரத்தில் கேட்டது.

அந்த நிற்கும் இடத்தைத்தான் விர்ச்சுவல் உலகம் திருப்பிக் கொடுக்கிறது. திரையில் ஒரு கூடம், ஒரு தெரு, ஒரு தோட்டம் என்று ஏதோ ஓர் இடம் இருக்கும். அதில் உங்களுக்கென்று ஒரு பொம்மை உருவம் உண்டு, அவதார் என்பார்கள். விசைப்பலகையால் அதை நடத்திச் செல்லலாம். யார் பக்கத்தில் போய் நிற்கிறீர்களோ அவர்கள் குரல் கேட்கும். விலகி வந்தால் கேட்காது. ஒரே கூடத்தில் நாலு மூலையில் நாலு பேச்சு நடக்கும். எது உங்களுக்கு வேண்டுமோ அங்கே நடந்து போய் நிற்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த மூலைக்கு நகரலாம்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம் என்றால், பெரிய நிரலாக்கச் சந்திப்புகள் பெரும்பாலும் சென்னையில்தான் நடக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், கடலூரிலிருந்து இன்னும் கூடுதல். இரண்டு மணி நேரப் பேச்சுக்கு ஒரு முழு நாள் போய்விடும். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவருக்கும், இரவு பஸ்ஸில் தனியாகத் திரும்ப வீட்டில் சம்மதிக்காத பெண்ணுக்கும் அந்தக் கதவு மூடியே கிடக்கிறது. இந்தச் சந்திப்புகளுக்காக நான் இவ்வளவு மெனக்கெடுவது அவர்களை நினைத்துத்தான்.

எந்தெந்த உலகங்களில் இப்படிச் சந்திக்கிறார்கள்?

வயதில் மூத்தது செகண்ட் லைஃப். அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் தொடங்கியது. முப்பரிமாண உலகம். நிலமெல்லாம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் கொண்ட சதுரங்களாகப் பிரிந்திருக்கும். அதற்குள் இருக்கும் வீடு, நாற்காலி, விளக்கு எல்லாம் பெரும்பாலும் அங்கே போகிறவர்களே செய்தவை. நிரலாளர்களுக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு. ஏனென்றால் அந்த உலகத்துக்கென்றே லிண்டன் ஸ்கிரிப்டிங் லாங்குவேஜ் என்று ஒரு நிரல்மொழி இருக்கிறது. ஒரு மரக்கட்டையை உருவாக்கி, அதற்குள் புது ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டால் உடனே அது "ஹலோ, அவதார்!" என்று பேசும். தொட்டால் "டச்டு" என்று சொல்லும். நீங்கள் ஒரு வரியும் எழுதாமலே வரும் முதல் நிரல் அது. அந்த வரியை மாற்றித் தமிழில் 'வணக்கம்' சொல்ல வைத்துப் பாருங்கள், அப்புறம் நிறுத்த மனம் வராது. ஒரு ஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 64 கிலோபைட் நினைவகம். அதற்குள் அடக்கி எழுதப் பழகுவது நல்ல பயிற்சி.

2007-ல் அதன் வியூவர் மென்பொருளின், அதாவது அந்த உலகத்தைத் திறந்து பார்க்க நம் கணினியில் போடும் மென்பொருளின், மூல நிரல் வெளியானது. அதே ஆண்டு ஓப்பன்சிமுலேட்டர் என்ற திறந்த மூல சர்வரும் (யாரும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடியது) தொடங்கியது. அதைக் கொண்டு நம் கணினியிலேயே செகண்ட் லைஃப் போன்ற ஒரு உலகத்தை ஓட்டலாம்.

அடுத்தது, இன்ஸ்டால் எதுவும் செய்யாமல் பிரவுசரிலேயே திறக்கும் உலகங்கள். கொரோனா காலத்தில், 2020-ல், கேதர், வொர்க்அட்வென்ச்சர் இரண்டும் பரவலாயின. பழைய வீடியோ கேம் மாதிரி மேலிருந்து பார்க்கும் தட்டையான வரைபடம். அந்த டிசம்பரில் ஜெர்மனியின் ஹேக்கர் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் தன் ஆண்டு மாநாட்டை நேரில் நடத்த முடியாமல், வொர்க்அட்வென்ச்சரை வைத்து ஒரு முழு உலகமாகவே கட்டியது. கலந்துகொண்ட குழுக்கள் தங்கள் அறைகளைத் தாங்களே வரைந்து அதில் இணைத்தன. எங்கள் குழு பயன்படுத்துவதும் வொர்க்அட்வென்ச்சர்தான்.

மொசில்லாவின் ஹப்ஸ் என்று ஒன்றும் இருந்தது, 2018-ல் வந்தது. 2024 மே 31-ம் தேதி மொசில்லா அதை நிறுத்திவிட்டது. மூல நிரல் திறந்திருந்ததால் ஆர்வலர்கள் எடுத்துத் தொடர்கிறார்கள். எந்த உலகத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் நிரல் திறந்ததா என்று முதலில் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இடம் போனாலும் வரைந்த வரைபடம் நம் கையில் இருக்க வேண்டும்.

எனக்குக் கேம் ஆடத் தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். நான்கு அம்புக்குறி விசைகள் தெரிந்தால் போதும். வொர்க்அட்வென்ச்சரில் ஷிஃப்ட் விசையைச் சேர்த்து அழுத்தினால் வேகமாக ஓடலாம். செகண்ட் லைஃபில் கேமராவைத் திருப்புவது மட்டும் முதல் நாள் தலைசுற்ற வைக்கும். அரை மணி நேரம் முன்னதாகப் போய், யாரும் இல்லாத இடத்தில் நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து பழகிவிட்டு வாருங்கள்.

பழைய லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட். தாங்குமா?

பிரவுசரில் ஓடும் தட்டை உலகங்கள் தாங்கும். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் மற்ற டேப்களை மூடிவிட்டு எங்கள் குழுவில் பலர் வருகிறார்கள். செகண்ட் லைஃபுக்கு ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் வேண்டும். இல்லையென்றால் பார்வைத் தூரத்தைக் குறைத்து, நிழல்களை அணைத்துவிட்டு நுழையுங்கள். மொபைலில் உள்ளே வர முடியும், ஆனால் நிரல் காட்டும்போது எழுத்து தெரியாது. பேச்சைக் கேட்க மட்டும் போதும்.

டேட்டா எவ்வளவு ஆகும் என்பதற்குத் தோராயமான கணக்கு ஒன்று. ஒருவரின் வீடியோ நொடிக்கு 500 கிலோபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 225 எம்பி. உங்களைச் சுற்றி மூன்று பேர் கேமரா போட்டு நின்றால் 675 எம்பி இறங்கும், நீங்கள் அனுப்புவது தனி. தினமும் ஒன்றரை ஜிபி பிளானில் இருப்பவருக்கு இது பெரிய செலவு. கேமராவை எல்லாரும் அணைத்துவிட்டுக் குரல் மட்டும் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எங்கள் குழுவில் கேமரா அணைத்திருப்பதுதான் வழக்கம். பொம்மை உருவம் இருக்கும்போது முகம் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு?

பெயர் தெரிகிறது, ஆள் நடப்பதும் தெரிகிறது, குரல் மட்டும் கேட்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் நெட்வொர்க்கின் தடுப்புதான் காரணம். பொம்மைகள் நடக்கும் செய்தி சாதாரண இணையப் பக்கம் போலவே போய் வரும். குரலும் வீடியோவும் வெப்ஆர்டிசி என்ற நுட்பத்தில், பெரும்பாலும் யூடிபி என்ற தனி வழியாகப் போகும். கல்லூரி, அலுவலக வைஃபைகள் பலவற்றில் அந்த வழியை அடைத்து வைத்திருப்பார்கள். நான் ஒருமுறை ஒரு வளாகத்தின் வைஃபையில் அமர்ந்து நாற்பது நிமிடம் மைக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியதும் மறுநொடியே எல்லார் குரலும் வந்தது. முதலில் அதைச் செய்து பாருங்கள்.

இன்னொன்று, பக்கத்தில் நிற்பவர்கள் சேர்ந்து ஆகும் சிறு வட்டத்துக்குள் ஒவ்வொருவரின் கணினியும் மற்ற ஒவ்வொருவரோடும் நேரடியாக இணையும். நாலு பேர் என்றால் 6 இணைப்பு, எட்டுப் பேர் என்றால் 28. அதனால்தான் வொர்க்அட்வென்ச்சர் பொதுவாக ஒரு வட்டத்தை நாலு பேரோடு நிறுத்திக்கொள்கிறது. ஐந்தாவதாக நீங்கள் போய் நின்று ஒன்றும் கேட்கவில்லை என்றால் உங்களை ஒதுக்கவில்லை, வட்டம் நிறைந்துவிட்டது. பெரிய கூட்டம் சேரும் இடங்களைத் தனியாகக் குறித்து வைத்திருப்பார்கள். அங்கே சர்வர் வழியாகக் குரல் போகும்.

ஹாஸ்டலில் இரண்டு பேர் ஒரே அறையிலிருந்து வரலாமா?

வாருங்கள், ஆனால் இருவரும் ஹெட்போன் போடுங்கள். ஒருவர் ஸ்பீக்கரில் வைத்தாலும் எதிரொலி எழுந்து வட்டத்தில் இருக்கும் எல்லார் காதும் வலிக்கும். ஹெட்போன் ஒன்றுதான் இருக்கிறதா? ஒரே லேப்டாப்பில், ஒரே அவதாரில், பெயரை இரண்டு பேர் பெயராக வைத்துக்கொண்டு வாருங்கள்.

நேரக் கணக்கு குழப்புகிறது. வெளிநாட்டுச் சந்திப்பு நமக்கு எத்தனை மணி?

செகண்ட் லைஃப் உலகம் முழுவதும் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் ஓடுகிறது. அது நமக்கு வெயில்காலத்தில் பன்னிரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கும். அங்கே செவ்வாய் மாலை 6 மணி என்றால் நமக்குப் புதன் காலை 6:30 அல்லது 7:30. அதாவது காபி நேரம், வசதிதான். அங்கே நண்பகல் 12 என்று அறிவித்திருந்தால் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும் நாட்கள். ஐரோப்பாவில் மாற்றுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில்தான் பலர் ஒரு மணி நேரம் தவறி வந்து காலிக் கூடத்தில் நிற்கிறார்கள். ஜெர்மனியில் மாலை 7 மணி என்றால் நமக்கு வெயில்காலத்தில் இரவு 10:30, குளிர்காலத்தில் 11:30. மறுநாள் வேலை இருந்தால் அதற்கெல்லாம் விழித்திருக்க வேண்டாம், பேச்சின் பதிவு பின்னால் கிடைக்கும். பதிவில் கிடைக்காதது பேச்சுக்கு முன்னும் பின்னும் நடப்பது. அதற்காக விழிப்பதென்றால் விழியுங்கள்.

உள்ளே நுழைந்ததும் என்ன செய்ய வேண்டும்? யாரையும் தெரியாதே.

பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள். தாமதமாக வந்தால் எல்லாரும் ஒரு பேச்சில் ஆழ்ந்திருப்பார்கள், நுழையத் தயக்கமாக இருக்கும். முன்னதாக வந்தால் நீங்களும் இன்னொருவரும் மட்டும் நிற்பீர்கள். "வணக்கம், நான் புதுசு. நெல்லிக்குப்பத்திலிருந்து வரேன்" என்று சொன்னால் போதும். ஊர்ப் பெயர் சொன்ன உடனே ஏதாவது ஒரு நூல் கிடைத்துவிடும். அவருடைய அத்தை வீடு அங்கே இருக்கும்.

ஏற்கெனவே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால், பக்கத்தில் போய் நின்று கேட்கலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். கேட்கலாம். பொது இடத்தில் நடக்கும் பேச்சு கேட்கத்தான். தனியாகப் பேச வேண்டியவர்கள் வட்டத்தைப் பூட்டிக்கொள்வார்கள், அதற்கு வசதி உண்டு. சும்மா நின்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எங்கள் குழுவில் ஒரு தம்பி இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் மாதம் அவர் கேட்ட கேள்விக்கு எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எல்லாரும் சேர்ந்து தேடினோம்.

ஆங்கிலம் சரளமாக வராது. கேள்வி கேட்கலாமா?

எங்கள் சந்திப்பு தமிழில்தான். 'வேரியபிள்', 'லூப்' என்ற சொற்கள் அப்படியே வரும், அதைச் சுற்றி இருப்பதெல்லாம் தமிழ். வெளிநாட்டுச் சந்திப்புகளில் குரலுக்குப் பதில் சாட்டில் எழுதிக் கேளுங்கள். யோசித்து, திருத்தி எழுத நேரம் கிடைக்கும். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. நிரலும் எரர் செய்தியும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் வாக்கியம் எப்படி இருந்தாலும் புரிந்துகொள்வார்கள்.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, ஒரு டவுட். புதுச்சேரி அஞ்சு எழுத்துதானே? பைத்தான் 10-னு சொல்லுது" என்றாள். திரையைப் பகிர்ந்து காட்டினாள். நீளத்தை எண்ணிச் சொல்லும் 'லென்' கட்டளைக்குள் புதுச்சேரி, கீழே 10. நான் பதில் சொல்லும் முன்பே பக்கத்து வட்டத்தில் நின்ற இருவர் நகர்ந்து எங்களிடம் வந்துவிட்டார்கள். அந்தச் சொல்லை ஒவ்வொரு குறியாகப் பிரித்து அச்சிடச் சொன்னோம். ப, அடுத்து உகரக் குறி, த, மறுபடி உகரக் குறி, ச, புள்ளி, ச, ஏகாரக் குறி, ர, இகரக் குறி. பத்து வரி திரையில் இறங்கியது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் உயிர்மெய் ஒரே துண்டு இல்லை, மெய்யும் குறியும் தனித்தனி என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. "அப்ப குறிகளை மட்டும் விட்டுட்டு எண்ணினா?" என்று அவளே கேட்டாள். பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற தொகுதி உண்டு. ஒவ்வொரு குறியும் எந்த வகை என்று அது சொல்லும். 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும் வகைகளைத் தள்ளிவிட்டு எண்ணினாள். 5. அப்புறம் கிரந்தத்தில் க்ஷ, ஸ்ரீ வந்தால் என்ன ஆகும் என்று இன்னொருவர் கிளப்ப, ஓப்பன்-தமிழ் நூலகம் இதற்கு ஏற்கெனவே வழி செய்திருக்கிறது என்று ஒருவர் லிங்க் தர, முக்கால் மணி நேரம் போனது. அன்றைக்கு மேடைப் பேச்சு வேறு ஏதோ தலைப்பு. எனக்கு நினைவில் நிற்பது இந்தப் பத்து வரிதான்.

சாட்டில் தமிழில் டைப் செய்தால் சரியாகத் தெரியுமா?

பிரவுசரில் ஓடும் உலகங்களில் தெரியும். இன்ஸ்டால் செய்யும் சில மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி விழும். 'கெ' என்பதில் க முதலிலும் கொம்பு அடுத்தும்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்த வேண்டும். பிரவுசர்களில் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற நிரல்கள் செய்துவிடுகின்றன. அது இல்லாத மென்பொருளில் எழுத்து கலைந்து தெரியும். அனுப்பியது தப்பில்லை, எதிரில் இருப்பவர் நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் சரியாகப் படிக்கலாம்.

செகண்ட் லைஃபின் பொதுச் சாட்டில் இன்னொரு சங்கதி. ஒரு செய்திக்கு 1023 பைட்தான் எல்லை. யூனிகோடைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆக 341 குறிகள். நீளமாக எழுதுகிறவர்கள் இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். சாட்டில் எழுதுவது 20 மீட்டர் தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கத்தினால், அதாவது ஷவுட் செய்தால், 100 மீட்டர்.

என் நிரலை எப்படிக் காட்டுவது?

சாட்டில் ஒட்டாதீர்கள். பல சாட்களில் வரியின் தொடக்கத்தில் உள்ள இடைவெளி போய்விடும். பைத்தானில் அந்த இடைவெளிதான் எது எதற்குள் அடங்கியது என்று சொல்வது; அது போனால் நிரலே வேறு. பேஸ்ட்பின் மாதிரி ஒரு தளத்தில் போட்டு லிங்க் கொடுங்கள். திரையைப் பகிர்ந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், உங்களுக்கு அசிங்கமாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக. எதிரில் ஒருவர் ஆறு அங்குலப் போனில் பார்த்துக்கொண்டிருப்பார். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (வேறு சேவைகளைப் பயன்படுத்த நிரலுக்குத் தரும் ரகசியச் சாவி) எதுவும் திரையில் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தப் பெயரில் வர வேண்டுமா? பெண்கள் தனியாக வரலாமா?

எந்தப் பெயரிலும் வரலாம். புகைப்படம், போன் நம்பர், கல்லூரி எதையும் சொல்ல வேண்டியதில்லை. யாராவது விடாமல் கேட்டால் அதுவே சந்திப்பை நடத்துபவரிடம் சொல்லப் போதுமான காரணம்.

தொல்லை தருபவரை முடக்கவும் தடை செய்யவும் எல்லா உலகங்களிலும் பொத்தான் இருக்கிறது. நுழைந்த முதல் நாளே அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், தேவைப்படும் நேரத்தில் தேடக்கூடாது. பின்னாலேயே நடந்து வருவது, பக்கத்தில் வந்து ஒட்டி நிற்பது எல்லாம் பொம்மை உருவம்தானே என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திரைக்குப் பின்னால் இருப்பவருக்கு ஏற்படும் சங்கடம் நிஜம். எங்கள் குழுவில் ஒரே எச்சரிக்கைதான், அடுத்த முறை வெளியே. செகண்ட் லைஃபில் பகுதிகள் பொது, மிதம், வயதுவந்தோர் என்று மூன்று தரமாகப் பிரிந்திருக்கும். சந்திப்பு நடக்கும் இடம் பொதுத் தரத்தில் இருக்கிறதா என்று லிங்க்கைத் திறக்கும் முன் பாருங்கள். மற்ற இரண்டுக்குள்ளும் 18 வயது நிரம்பாதவர்கள் நுழைய முடியாது.

வீட்டில் 'கேம் ஆடுறியா' என்று திட்டுகிறார்கள்.

அம்மாவை அருகில் உட்கார வைத்து ஒரு சந்திப்பைக் காட்டுங்கள். எங்கள் உலகத்தில் காந்தி சிலையைப் பார்த்ததும் ஒரு அம்மா, "இது நம்ம பீச் ரோடாச்சே" என்று கடைசி வரை இருந்து கேட்டார்.

பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். செகண்ட் லைஃபில் சாதாரணக் கணக்கு இலவசம். அங்கே லிண்டன் டாலர் என்று ஒரு பணம் புழங்கும். சட்டை, வீடு வாங்கத்தான் அது. சந்திப்பில் கேள்வி கேட்க முதல் நாள் கொடுத்த சட்டையே போதும்.

மழை, புயல், கரண்ட் கட்?

நம் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். லேசான மழைக்கு விர்ச்சுவல் சந்திப்பு கைகொடுக்கும், யாரும் நனைய வேண்டாம். புயல் என்றால் அது வேறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்த நாட்களில் கடலூரில் தென்பெண்ணை கரை மீறியது. அந்த வாரச் சந்திப்பைத் தள்ளிவைத்துவிட்டு, யார் யார் பத்திரம் என்று போனில் கேட்டுக்கொண்டோம். அப்போதிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் சந்திப்பு இல்லை. போனில் இருக்கும் சார்ஜ் வீட்டுக்குத்தான்.

நாமே ஓர் உலகம் வரைய முடியுமா?

முடியும், அதுதான் எனக்குப் பிடித்த வேலை. டைல்டு என்ற இலவச மென்பொருளில் 32 பிக்சலுக்கு 32 பிக்சல் கட்டங்களாக வரைய வேண்டும். கோலப் புள்ளி வைத்துப் பழகிய கை இருந்தால் சுலபம். நாங்கள் கடற்கரைச் சாலையை வரைந்தோம். நடுவில் காந்தி சிலை, சுற்றி எட்டுத் தூண்கள், கொஞ்சம் தள்ளிப் பழைய கலங்கரை விளக்கம், கிழக்கே முழுக்க நீலம். ஒவ்வொரு தூணுக்கும் 'இதன் மேல் நடக்க முடியாது' என்ற குறியைக் கட்டங்களில் போட வேண்டும். முதல் தடவை இரண்டு தூண்களுக்குப் போட விட்டுப்போய், ஆட்கள் கல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தார்கள். திருத்திய அன்று எட்டையும் ஒவ்வொன்றாக மோதிப் பார்த்தேன்.

இடம் வரையும்போது பெரிதாக வரையத் தோன்றும். வேண்டாம். எங்கள் முதல் வரைபடம் ராஜ்நிவாஸ் வரை நீண்டது. பன்னிரண்டு பேர் வந்தால் ஆளுக்கொரு மூலையில் தொலைந்து போனார்கள். இப்போது இருப்பது அதில் கால் பங்கு. நுழைந்த இடத்திலிருந்தே யாராவது இருவர் நிற்பது தெரியும், அவர்களிடம் நடந்து போகப் பத்து நொடி. மேடைக்கு ஒரு பகுதி, நாலு பேர் நிற்கச் சில பெஞ்சுகள், குரல் கேட்காத அமைதிப் பகுதி ஒன்று. இவ்வளவு போதும்.

அப்போ நேரில் சந்திப்பதே வேண்டாமா?

வேண்டும். கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ்தான். லினக்ஸ் இன்ஸ்டால் செய்யத் திணறும் லேப்டாப்பைக் கையில் வாங்கிப் பார்க்காமல் சரி செய்ய முடியாது. வாரம் ஒருமுறை வரைபடத்தில் பேசிப் பழகியவர்கள் மாதக் கடைசியில் நேரில் பார்க்கும்போது அறிமுகப் பேச்சே தேவைப்படுவதில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பேச்சு முடிந்ததும் கிளம்பிவிடலாமா?

அவசரம் என்றால் கிளம்புங்கள், சொல்லிக்கொள்ளக்கூட வேண்டாம். நேரம் இருந்தால் இருங்கள். எங்கள் வரைபடத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறோம். ஒன்பது மணிக்குச் சந்திப்பு முடியும். பெஞ்ச் பக்கம் மூன்று நாலு பேர் நின்றுகொண்டே இருப்பார்கள். வேலை தேடுவது, விட்டுப்போன கேள்வி, ஓடாத நிரல் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். புதிதாக வந்தவர் அந்தப் பக்கம் நகர்ந்தால் யாராவது ஒருவர் கேட்பார்: "நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?" இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நிரலின் லிங்க்கை அதற்குத் தயாராக வைத்துக்கொண்டு வாருங்கள்.